பெண் கதாபாத்திரங்களின் மரணம் யாருக்காக?

2016 மார்ச் 3 அன்று, அமெரிக்காவின் 'தி சிடபிள்யூ' தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'தி ஹண்ட்ரட்' தொடரில் லெக்ஸா என்ற கதாபாத்திரம் கொல்லப்பட்டது. அணு ஆயுதப் பேரழிவுக்குப் பிந்தைய உலகில் 12 இனக்குழுக்களை ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த தலைவி லெக்ஸா. அவர் போர்க்களத்தில் வீழ்ந்திருந்தால் எவரும் பெரிதாக வியந்திருக்க மாட்டார்கள். ஆனால், நடந்தது வேறு. தொடரின் நாயகி கிளார்க்கும் லெக்ஸாவும் நெடுநாள் தயக்கத்துக்குப் பின் காதலில் இணைந்த சிறிது நேரத்தில், லெக்ஸாவின் ஆலோசகர் கிளார்க்கைக் குறிவைத்துச் சுடுகிறார். குறி தவறிய குண்டு லெக்ஸாவின் உடலில் பாய்கிறது.

அடுத்த சில வாரங்கள் ரசிகர்களின் கோபம் சமூக ஊடகங்களில் கொழுந்துவிட்டு எரிந்தது. கற்பனைப் பாத்திரம் ஒன்று இறந்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்டவர்கள் பலர். அந்தக் கேள்வியை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. தொலைக்காட்சித் தொடர்களில் ஆண்களும்தான் இறக்கிறார்கள். போரையும் குற்றத்தையும் பேய்களையும் பற்றிய கதைகளில் மரணம் இல்லாமல் முடியாது. அப்படியிருக்க, பெண் கதாபாத்திரங்களின் மரணம் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப இந்த அளவுக்குக் காயப்படுத்துகிறது?

ரசிகர்களின் மனக்குறையைக் கூர்ந்து கவனித்தால், அவர்கள் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது புரியும். 'அவர் ஏன் இறந்தார்?' என்பதைவிட, 'அவருடைய மரணம் யாருடைய கதைக்குப் பயன்பட்டது?' என்பதே அவர்கள் எழுப்பும் கேள்வி. கறிவேப்பிலையை மணத்துக்காகச் சேர்த்துவிட்டு, உண்ணும்போது ஒதுக்கி எறிவதுபோல் ஒரு பாத்திரம் கையாளப்படும்போதுதான் கோபம் பிறக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியில் ஒரு பெண்

இந்த மனக்குறைக்கு ஒரு பெயர் கிடைத்தது தொலைக்காட்சியிலிருந்து அல்ல, காமிக்ஸ் உலகிலிருந்து. 1994இல் வெளியான 'கிரீன் லேன்டர்ன்' காமிக்ஸ் இதழ் ஒன்றில், நாயகன் கைல் ரெய்னர் வீடு திரும்புகிறான். அவனுடைய காதலி அலெக்சாண்ட்ராவைக் கொன்று, உடலைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்துவிட்டுப் போயிருக்கிறான் வில்லன். நாயகனின் சினத்துக்குத் தீ மூட்டுவதைத் தவிர அந்தச் சாவுக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

காமிக்ஸ் வாசகரான கெயில் சிமோன், 1999இல் இணையத்தில் ஒரு பட்டியலை வெளியிட்டார். கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல் அது. அதற்கு அவர் சூட்டிய தலைப்பு, 'குளிர்சாதனப் பெட்டிகளில் பெண்கள்'. ஆண் நாயகர்களும்தானே சாகிறார்கள் என்ற எதிர்வாதம் உடனே எழுந்தது. அதற்குக் கிடைத்த பதில் முக்கியமானது: ஆண் நாயகர்கள் இறந்தாலும், உடல் நொறுங்கினாலும், பெரும்பாலும் மீண்டு முன்னைவிட வலிமையோடு வருகிறார்கள்; பெண்களுக்கு அந்த வாய்ப்பு அரிதாகவே தரப்படுகிறது. சிமோன் பிற்காலத்தில் அதே காமிக்ஸ் துறையில் 'வொண்டர் வுமன்' உள்ளிட்ட வரிசைகளை எழுதும் முன்னணிப் படைப்பாளியானார்.

வாராவாரம் புதிதாகும் நாயகன்

பெயர் புதிது என்றாலும் பழக்கம் பழையது. 1959 முதல் 1973 வரை என்பிசி தொலைக்காட்சியில் ஓடிய 'பொனான்சா' தொடரை எடுத்துக்கொள்வோம். பண்ணை உரிமையாளர் பென் கார்ட்ரைட்டுக்கு மூன்று மகன்கள். மூவருக்கும் தாய் வேறு வேறு. மூன்று தாய்களும் இறந்துவிட்டவர்கள். மகன்கள் காதலிக்கும் பெண்களும் நிலைப்பதில்லை. சிலர் இறந்தார்கள், சிலர் ஊரைவிட்டுப் போனார்கள்.

இதை எழுதியவர்களின் பெண் வெறுப்பு என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. அன்றைய தொடர்களில் ஒவ்வொரு வாரமும் தனிக்கதை. எந்த வாரம் பார்க்கத் தொடங்கினாலும் புரிய வேண்டும். ஆகவே, அத்தியாயத்தின் முடிவில் நாயகன் தொடங்கிய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். மனைவியோ காதலியோ தங்கிவிட்டால் கதையின் அமைப்பு மாறிவிடும். அவரை அப்புறப்படுத்த மிக எளிய வழி மரணம்தான்.

பிற்காலத்தில் தொடர்களின் வடிவம் மாறியது. கதை வாரத்துக்கு வாரம் தொடர்ந்தது. முந்தைய நிகழ்ச்சிகளைப் பாத்திரங்கள் நினைவில் வைத்துக்கொண்டனர். பெண்களின் நிலை மேம்பட்டிருக்க வேண்டும். ஆனால், முன்பு மறக்கப்படுவதற்காக இறந்த பெண், இப்போது நாயகனின் எரிபொருளாவதற்காக இறந்தார். 2005இல் தொடங்கிய 'சூப்பர்நேச்சுரல்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. முதல் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வின்செஸ்டர் சகோதரர்களின் தாய் வீட்டுக் கூரையில் தீப்பற்றி இறக்கிறார். அதே அத்தியாயத்தின் முடிவில் இளையவன் சாமின் காதலி ஜெசிகா அதே விதமாக இறக்கிறாள். இந்த இரு மரணங்கள் தந்த வேகத்தில் புறப்பட்ட தொடர், 15 சீசன்கள், 327 அத்தியாயங்கள் என 2020 வரை ஓடியது. இடையில் சகோதரர்கள் இருவரும் பலமுறை இறந்து பலமுறை உயிர்த்தெழுந்தனர்.

அந்தத் தொடரின் சார்லி பிராட்பரி, கணினியில் கெட்டிக்காரியான, தன்பாலீர்ப்பு கொண்ட இளம்பெண். நாயகர்களுக்குக் காதலியாகாமல் தங்கையைப் போலவே பழகிய அவர், ரசிகர்களின் பேரன்பைப் பெற்றார். மூத்தவன் டீனைப் பீடித்திருந்த சாபத்தை நீக்குவதற்காக ஒரு பழைய நூலின் மறைமொழியை உடைக்க உழைத்துக்கொண்டிருந்தபோது, 2015 மே மாதம் ஒளிபரப்பான அத்தியாயத்தில் தனியாக இருந்த அவர் கொல்லப்பட்டார். சண்டையைக்கூடத் திரையில் முழுமையாகக் காட்டவில்லை. குளியல் தொட்டியில் கிடந்த உடலையும், அதைக் கண்ட சகோதரர்களின் முகங்களையுமே பார்வையாளர்கள் கண்டனர். பின்னாளில் இணை உலகமொன்றிலிருந்து இன்னொரு சார்லி வந்தார். ஆனால், ரசிகர்கள் அறிந்து நேசித்த சார்லி அவர் அல்லர்.

இருமுறை இறந்த அதிகாரி

ஒரு மரணம் எப்போது பொருளற்றதாகிறது, எப்போது பொருள் பெறுகிறது என்பதை விளக்க, ஒரே பாத்திரம் இருமுறை இறந்த கதை ஒன்று இருக்கிறது. 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரின் முதல் சீசனில் விண்கலத்தின் பாதுகாப்புத் தலைமை அதிகாரி தாஷா யார். அப்பாத்திரத்தில் நடித்த டெனிஸ் கிராஸ்பி, தனக்குச் செய்வதற்குப் போதிய வேலை தரப்படவில்லை என்று கருதித் தொடரிலிருந்து விலக விரும்பினார். 1988இல் ஒளிபரப்பான அத்தியாயமொன்றில், கருநிறச் சேறு போன்ற ஓர் உயிரி, எந்தக் காரணமும் இன்றி ஒரே வீச்சில் அவரைக் கொன்றுவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1990இல், அதே தொடர் தன் செயலுக்குப் பரிகாரம் தேடியது. வரலாறு தடம் மாறிய ஒரு காலக்கோட்டில் தாஷா உயிரோடு இருக்கிறார். இன்னொரு காலக்கோட்டில் அவர் பொருளற்ற சாவு ஒன்றை அடைந்தார் என்பதைத் தோழி கினன் வழியாக அறிகிறார். அதைக் கேட்டபின், அழிவு உறுதியாகிவிட்ட வேறொரு விண்கலத்தில் பணிபுரியத் தானே முன்வருகிறார். அந்தக் கலம் கடந்த காலத்துக்குத் திரும்பினால்தான் ஒரு பெரும் போரைத் தடுக்க முடியும். சாவது உறுதி என்றால் அது எதற்காவது பயன்பட வேண்டும் என்பது அவருடைய முடிவு.

இரண்டு கதைகளிலும் தாஷா திரும்பி வரவில்லை. ஆனால், முதல் கதையில் மரணம் அவருக்கு நேர்ந்தது. இரண்டாவது கதையில் அதை அவரே தேர்ந்துகொண்டார். முதல் முடிவு 'பொருளற்றது' என்று தொடரே தன் வாயால் சொல்லிவிட்டது. ரசிகர்களின் மனக்குறையைப் படைப்பாளிகளால் புரிந்துகொள்ள முடியாது என்று எவரேனும் சொன்னால், இந்த எடுத்துக்காட்டையே நான் முன்வைப்பேன்.

தவறிப் பாய்ந்த இரு குண்டுகள்

'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொடரில் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் இரண்டு பெண்கள் இறந்தனர். 2001 பிப்ரவரியில் நாயகியின் தாய் ஜாய்ஸ் நோயால் இறந்தார். பின்னணி இசையே இல்லாமல், ஓர் அத்தியாயம் முழுவதையும் அந்த இழப்புக்கென்றே ஒதுக்கினார்கள். தொலைக்காட்சி மரணத்தைக் கையாண்ட விதங்களில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றென அது இன்றும் பாராட்டப்படுகிறது. ஜாய்ஸ் பெண் என்பதற்காக அந்த மரணத்தை எவரும் குறை கூறவில்லை.

2002 மே மாதம் தாரா இறந்தார். தன் காதலி வில்லோவுடன் பிணக்கு நீங்கி மீண்டும் இணைந்த உடனே, நாயகி பஃபியைக் குறிவைத்துச் சுட்ட குண்டு ஜன்னல் வழியே தவறிப் பாய்ந்து அவரைக் கொன்றது. தாராவாக நடித்த ஆம்பர் பென்சனின் பெயர் தொடரின் தொடக்கப் பெயர் வரிசையில் இடம்பெற்றது அந்த ஓர் அத்தியாயத்தில் மட்டும்தான். பிறகு கதை, வில்லோவின் பழிவாங்கலைப் பற்றியதாக மாறியது.

14 ஆண்டுகள் கழித்து லெக்ஸாவுக்கு நேர்ந்ததை இதனுடன் ஒப்பிட்டால், ரசிகர்களின் சினம் ஏன் அத்தனை கடுமையாக இருந்தது என்பது விளங்கும். காதலில் இணைந்த உடனே வேறு ஒருவருக்கான குண்டு பாய்ந்து சாவது என்பது அவர்கள் முன்பே பார்த்த காட்சி. தன்பாலீர்ப்பு கொண்ட பெண்களின் கதை இப்படித்தான் முடியும் என்பது அதற்கும் முன்பே எழுதப்பட்ட விதி. 1952இல் மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய 'ஸ்பிரிங் ஃபயர்' நாவலில் இரு பெண்களின் காதல் இடம்பெற்றது. அது மகிழ்ச்சியாக முடிந்தால் அஞ்சல் துறை நூலைத் தடுத்துவிடும் என்பதால், துயர முடிவே வேண்டும் எனப் பதிப்பகம் நிபந்தனை விதித்தது. அந்தத் தணிக்கை எப்போதோ போய்விட்டது. அது பழக்கிய முடிவு மட்டும் எழுத்தாளர்களின் கையைவிட்டுப் போகவில்லை.

லெக்ஸாவின் கதையில் இன்னொன்றும் உண்டு. அவர் இறந்ததும் கழுத்திலிருந்து ஒரு செயற்கை நுண்ணறிவுச் சில்லு வெளியே எடுக்கப்படுகிறது. கதை அதன்பின் அந்தச் சில்லைத் தூக்கிக்கொண்டு நகர்கிறது. தலைவியாக வாழ்ந்தவர் ஒரு பொருளின் உறையாக மாறிவிட்டார். அவர் பங்கேற்ற சீசன் இறுதிப் படப்பிடிப்பை ரசிகர்கள் நேரில் பார்த்திருந்தனர். லெக்ஸா பிழைத்திருப்பார் என்ற நம்பிக்கையோடுதான் அவர்கள் மார்ச் மாத அத்தியாயத்தைப் பார்த்தனர். தன்னைப் போன்ற ஒருவரைத் திரையில் வேறெங்கும் காண முடியாத பதின்பருவப் பெண்ணுக்கு, அந்த நம்பிக்கை வெறும் பொழுதுபோக்கு அல்ல. அமெரிக்காவின் 'கிளாட்' அமைப்பு அந்த ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2016 தொடக்கத்திலிருந்து தொடர்களில் கொல்லப்பட்ட இத்தகைய பெண் பாத்திரங்கள் 25க்கும் மேல்.

இணை நாயகி, துணைப் பொருளான கதை

நாயகிக்கு நிகரான இடம் தந்து தொடங்கும் தொடர்களிலும் இது நேர்கிறது. 2013இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்லீப்பி ஹாலோ'வின் முதல் அத்தியாயத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். 18ஆம் நூற்றாண்டிலிருந்து உயிர்த்தெழுந்த வீரர் இக்கபாட் கிரேன், இன்றைய காவல் அதிகாரி அபி மில்ஸ் ஆகிய இருவருமே அதன் மையம். உலகைக் காக்க விதிக்கப்பட்ட இரு 'சாட்சிகள்' என்பதே கதையின் அடித்தளம். அபியாக நடித்தவர் நிக்கோல் பெஹாரி. ஒரு கறுப்பினப் பெண் இத்தகைய கதையின் நடுவில் நிற்பதை ரசிகர்கள் கொண்டாடினர்.

2016 ஏப்ரலில் மூன்றாம் சீசனின் இறுதியில் அபி உயிர்த்தியாகம் செய்தார். கிரேனை முன்னே செலுத்துவதே தன் பணியாக இருந்தது என்ற பொருளில் அவரையே பேசவும் வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் சமமானவராகக் காட்டப்பட்ட ஒருவர், ஒரே உரையாடலில் இன்னொருவரின் பயணத்துக்கான வாகனமாகிவிட்டார். அடுத்த சீசனில் 'சாட்சி' என்ற தகுதி ஒரு சிறுமிக்கு மாற்றப்பட்டது. அந்தச் சீசனோடு 2017இல் தொடரும் நின்றது.

அதே 2016 ஏப்ரலில், 'கேஸில்' தொடர் ஒன்பதாம் சீசனுக்குப் போனால் துப்பறியும் அதிகாரி கேட் பெக்கெட்டாக நடித்த ஸ்டானா காடிக் அதில் இருக்க மாட்டார் என்று அறிவிக்கப்பட்டது. எழுத்தாளர் கேஸிலும் அதிகாரி பெக்கெட்டும் சேர்ந்ததுதான் அந்தத் தொடர். ஆனால், தலைப்பில் இருப்பது அவன் பெயர். அவள் இல்லாமலும் ஓட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தனர், சில வாரங்களில் தொடரையே நிறுத்துவதாகத் தொலைக்காட்சி நிறுவனம் அறிவித்தது. ஒரு பெண் பாத்திரத்தை நீக்கினால் எஞ்சுவது என்ன என்பதை, அவரை நீக்குவதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

படைப்பாளியின் உரிமை

இங்கே ஓர் எதிர்வாதத்துக்கு உரிய இடம் தர வேண்டும். ரசிகர்களின் விருப்பப்படி எழுதினால் அது கதையாக இருக்குமா? எந்தப் பெண்ணும் சாகக் கூடாது என்று விதி செய்தால் பெண்கள் ஆபத்தான கதைகளில் இடம்பெறவே மாட்டார்கள். நடிகர்களின் ஒப்பந்தங்களும் குறுக்கிடும். லெக்ஸாவாக நடித்த அலிசியா டெப்னம்-கேரி அப்போது வேறொரு தொடரில் முதன்மை வேடத்தில் இருந்தார். அவரை நீண்ட காலம் வைத்திருக்க இயலாது என்பது உண்மையே. எழுத்தாளர்களுக்கு மிரட்டல் விடுத்த ரசிகர்களும் உண்டு. எந்தக் கோபமும் அதை நியாயப்படுத்தாது.

இவை அனைத்தையும் நான் ஏற்கிறேன். ஆனால், நடிகை விலகுகிறார் என்பது பாத்திரம் போக வேண்டும் என்பதற்கான காரணம் மட்டுமே. எப்படிப் போக வேண்டும் என்பதை முடிவு செய்பவர் எழுத்தாளர். 'தி ஹண்ட்ரட்' தொடரை வழிநடத்திய ஜேசன் ராத்தன்பெர்க், அந்த மாத இறுதியில் எழுதிய திறந்த கடிதத்தில் இதை ஏறத்தாழ ஒப்புக்கொண்டார். இன்று அறிந்ததை அன்று அறிந்திருந்தால் சிலவற்றை வேறு விதமாகச் செய்திருப்பேன் என்பது அதன் சாரம்.

கோபத்தை ரசிகர்கள் வீணாக்கவுமில்லை. தன்பாலீர்ப்பு கொண்ட இளைஞர்களின் தற்கொலையைத் தடுக்கப் பணியாற்றும் 'டிரெவர் புராஜெக்ட்' அமைப்புக்கு லெக்ஸாவின் பெயரால் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் திரட்டித் தந்தார்கள். கனடாவின் 'சேவிங் ஹோப்' தொடரின் எழுத்தாளர்கள் சிலர், 'லெக்ஸா உறுதிமொழி' என்ற ஆவணத்தை முன்வைத்தனர். இத்தகைய பாத்திரத்தை வேறொருவரின் கதையை நகர்த்துவதற்காகவே கொல்ல மாட்டோம் என்பதும், ரசிகர்களுக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்ட மாட்டோம் என்பதும் அதன் முக்கிய அம்சங்கள். 'மரணமே கூடாது' என்று அது கோரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 2016 ஜூனில் 'வைனோனா எர்ப்' தொடரின் முதல் சீசன் முடிவுற்றது. காவல் அதிகாரி நிக்கோல், தன் காதலி வேவர்லியின் கண்முன் சுடப்படுகிறார். பழைய கதைதான் என்று பார்வையாளர்கள் அஞ்சிய நொடியில், அவர் குண்டு துளைக்காத உடை அணிந்திருப்பது தெரியவருகிறது. காவல் அதிகாரி ஒருவர் அப்படி உடை அணிந்திருப்பதில் வியப்பு எதுவும் இல்லை. 2019இல் பணப் பிரச்சினையால் அத்தொடரின் நான்காம் சீசன் தடைபட்டபோது, ரசிகர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகைகள் வைத்துக் குரல் கொடுத்தனர். சீசன் 2020இல் வெளியானது. தங்களை மதித்த தொடருக்கு ரசிகர்கள் செய்த கைம்மாறு அது.

ஆனாலும் பாடம் எல்லோருக்கும் எட்டிவிடவில்லை. 2022 ஏப்ரலில் 'கில்லிங் ஈவ்' தொடரின் கடைசி நிமிடங்களில், ஈவும் வில்லனெல்லும் ஒன்றுசேர்ந்த உடனே வில்லனெல் சுட்டுக் கொல்லப்பட்டார். தொடருக்கு அடிப்படையான நாவல்களை எழுதிய லூக் ஜென்னிங்ஸே அந்த முடிவு தனக்கு ஏமாற்றம் அளித்ததாக வெளிப்படையாக எழுதினார். அவருடைய நாவலில் அந்த இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

தொலைக்காட்சித் தொடர் என்பது பல ஆண்டுகள் நம் வீட்டுக்குள் வந்துபோகும் உறவு. இந்தப் பெண்ணை நேசியுங்கள் என்று பார்வையாளரை வாராவாரம் அழைப்பது தொடர்தான். அந்த நேசத்தைக் காட்டித்தான் விளம்பரங்கள் விற்கப்படுகின்றன. அந்தப் பெண்ணுக்குத் தரும் முடிவில் குறைந்தபட்சக் கவனத்தை எதிர்பார்க்க ரசிகர்களுக்கு உரிமை உண்டு என்பதே என் நிலைப்பாடு. அடுத்த முறை ஏதேனும் ஒரு தொடரில் ஒரு பெண் இறக்கும்போது, அதன் பிறகு வரும் இரண்டு மூன்று காட்சிகளைக் கவனித்துப் பாருங்கள். கேமரா யாருடைய முகத்தில் நிற்கிறது, அவர் விட்டுச்சென்ற வேலையையும் ஆசைகளையும் பற்றி எவரேனும் ஒரு வார்த்தை பேசுகிறார்களா என்று பாருங்கள். அது அவருடைய மரணமா, இன்னொருவருடைய கதைக்கான எரிபொருளா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.